சாம்பிள் ஜீப்

1

இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷம் யாருக்கோ, அவரே கேக் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பரீட்சையில் பாஸானவன் மிட்டாய் கொடுக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நெதர்லாந்துக்கு வந்து நாலு வருஷம் முடிந்த அன்று காலை, நானும் ஒரு ஆப்பிள் கேக்கைச் சைக்கிள் கூடையில் வைத்து, வாய்க்கால் பாலங்களில் குலுங்காமல் ஓட்டிக்கொண்டு, ஊட்ரெக்ட்டில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குப் போனேன். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடிதான் ஆபீஸ். படியேறும்போதே கிரீஸ் வாசனை வரும். ஊரில், கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில், என் அண்ணன் ஓட்டும் ஜீப்புக்கும் அதே வாசனை.

கேக்கை மேசையில் வைத்துக் கத்தியைக் கையில் எடுத்திருந்தேன். "கொஞ்சம் பொறு ரஹிமா, முதலில் ஒரு செய்தி" என்றார் மார்ட்டன். அவர்தான் முதலாளி. முதலாளி என்றதும் பெரிய நாற்காலியை நினைக்க வேண்டாம். எங்களோடு நின்று காபிக் கோப்பை கழுவுகிறவர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிகப் பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்குவதாகப் பேசி முடித்துவிட்டதாம். நல்ல செய்தி, நல்ல செய்தி என்று ரெண்டு தடவை சொன்னார். கண் மட்டும் சிவந்திருந்தது.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நானும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். அப்புறம்தான் எல்லாரும் கேக்கைப் பார்த்தார்கள். "உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று பக்கத்து மேசைக்காரன் கேட்டான். விற்றதற்கு நான்தான் கேக் வாங்கி வந்தேன் என்று அந்த மாடியில் இன்னமும் ஒரு பேச்சு இருக்கிறது. மறுத்துப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

2

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று ஊரில் யார் கேட்டாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கைப்பேசியில் பஸ் டிக்கெட் எடுக்கிறீர்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதை அமுக்கினால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் முதலில் வரைந்து பார்த்திருப்பார். அப்படி வரைவதற்கான கருவியைத்தான் நாங்கள் செய்கிறோம். வீடு கட்டுவதற்கு முன்னால் பிளான் போடுவதுபோல. பெரிய கம்பெனிகளுக்கு எங்களைப் போன்ற சின்னக் கடைகள் மேல் சமீப காலமாக ஒரு கண். தானே செய்து காலத்தைக் கடத்துவதைவிட, செய்து வைத்திருப்பவனை அப்படியே வாங்கிவிடுவது அவர்களுக்குச் சுலபம். வாங்கிய பிறகு சிலதை வளர்ப்பார்கள், சிலதைத் தங்களுடையதோடு கரைத்துவிடுவார்கள். சிலது ஏன் வாங்கப்பட்டது என்றே தெரியாமல் ஒரு நாள் மூடப்படும்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் கொடுத்த வேலை, கருவியைத் திறந்ததும் வருகிற மாதிரிப் பக்கங்களை வரைவது. புதிதாக வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பழகுவார்கள். சாப்பாட்டுக் கடை, ஆஸ்பத்திரி, வாடகை வண்டி என்று ஆளுக்கு ஒன்றைப் பிரித்துக்கொண்டோம். வாடகை வண்டி எனக்கு வந்தது.

மஞ்சள் டாக்சியைப் போட எனக்குக் கை வரவில்லை. கூடலூர் ஸ்டாண்டில் நிற்கும் சிக்கந்தர் அண்ணனின் ஜீப்பைப் போட்டேன். கூடலூர் - குமுளி என்று வழித்தடம் போட்டேன். வண்டிக்குப் பக்கத்தில் அண்ணன் படம். கீழே பச்சைப் பொத்தான், அதில் அண்ணனுடைய நம்பர். அமுக்கினால் நிஜமாகவே அழைப்பு போகும்.

உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் மாதிரிப் பக்கத்தில் நம்பரைப் பூஜ்யமாகப் போட வேண்டும் என்று தெரியும். எனக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சர் கடைத் தகரத்தில்கூட நம்பர் எழுதியிருக்கும், கூப்பிட்டால் ஆள் எடுப்பார். எடுக்காவிட்டால் கடையை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். எடுக்க ஆளில்லாத நம்பரை ஒரு ஜீப்புக்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

3

முதல் அழைப்பு வந்தபோது அண்ணன் மலையாளத்தில் பேசியிருக்கிறார். கூடலூர் ஸ்டாண்டின் கணக்குப்படி, தமிழ் பேசாத மனிதர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். "எவிடே போகணும்?" என்று கேட்டாராம். எதிர்முனையில் பேசியவர் பிரேசிலில் இருந்தாராம். ரெண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நம்பரை எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். இருக்கட்டும் என்றார். காலையில் ஏலத் தோட்டத்து வேலைக்காரப் பெண்களை மலையேற்றி இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்களைக் கூட்டிவரும் வரைக்கும் அவருக்குச் சும்மாதான் இருப்பு. என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இது மாதிரிதான், உண்மையான பதிவு இல்லை, நன்றி என்று ஒரு நீள இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். அதை அவர் ஒரு வாரத்தில் "சாம்பிள் ஜீப், சார்" என்று செதுக்கிவிட்டார்.

பேர் ஒட்டிக்கொள்ள எங்கள் பக்கம் அதிக நேரம் ஆகாது. ஸ்டாண்டில் அவர் சாம்பிள் சிக்கந்தர் ஆனார். பிறகு சிக்கந்தரும் உதிர்ந்து வெறும் சாம்பிள். பின்கண்ணாடியில் அதையே எழுதி வைத்துக்கொண்டார். ஒரு தடவை தேக்கடி பார்க்க வந்த போர்ச்சுகல் பையன் ஒருவன், எங்கள் கருவியில் பழகியவன், குமுளியில் நின்றுகொண்டு அந்த நம்பரை அழைத்திருக்கிறான். அண்ணன் போய் ஏற்றிக்கொண்டு சுருளி அருவி, திராட்சைத் தோட்டம் எல்லாம் காட்டி, மதினி கையால் சோறு போட்டு அனுப்பினார். எனக்கு ஒரு படம் வந்தது. கீழே எழுதியிருந்தார்: ஒரு சாம்பிள் நேர்ல வந்துருக்கு.

4

கம்பெனி விற்றால் எனக்கென்ன என்று கேட்பீர்கள். விஷயம் இதுதான். நான் இங்கே தங்குவதற்கான அனுமதி என் பேரில் இருக்கிறதே தவிர, அதன் வேர் கம்பெனியில் இருக்கிறது. வேலை போனால் இன்னொன்று தேட மூன்று மாதம். கிடைக்காவிட்டால் நானும், என்னை ஒட்டி வந்த கணவர் யூசுப்பும், மகள் ஹனாவும் பெட்டி கட்ட வேண்டும். ஐந்து வருஷம் அறுபடாமல் முடித்துவிட்டால் நிரந்தர அனுமதிக்கு எழுதிப் போடலாம். ஐந்தில் நாலு முடிந்த அன்றுதான் கேக் வாங்கினேன்.

புதிய முதலாளி என் அனுமதியை ஏற்பாரா என்று வக்கீலைக் கேட்டேன். அது பொறுத்தது என்று பதில் வந்தது. எதைப் பொறுத்தது என்று கேட்டதற்குப் பல விஷயங்களைப் பொறுத்தது என்று வந்தது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தால் பியானோ வாசிக்கிறார்கள். அந்த இசை எனக்கு மனப்பாடம். பாத்திரம் விளக்கும்போது வாயில் வருகிறது.

விற்பனையும் முடிந்தபாடில்லை. இவ்வளவு பெரிய கம்பெனி இன்னும் ஒன்றை விழுங்கலாமா என்று ஐரோப்பாவில் ஆணையம் ஆராய்கிறதாம். மாதக்கணக்கில் ஆகலாம், நடக்காமலும் போகலாம். அதுவரைக்கும் எப்போதும்போல வேலை பாருங்கள் என்று மார்ட்டன் சொல்கிறார். எப்போதும்போல என்பது எப்படி என்று எல்லாரும் மறந்துவிட்டோம். படியில் புதிய காலடி கேட்டால் பத்துத் தலை திரும்புகிறது.

பக்கத்து வீட்டு ரியா, ஓய்வுபெற்ற தபால்காரி, என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்களை விற்றுவிட்டார்கள் என்று டச்சில் சொல்ல நினைத்தேன். எங்களுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரித் தொடங்கித் தொலைக்கும். சாயங்காலம் ஒரு பாத்திரம் நிறையப் பட்டாணி சூப் கொண்டுவந்து வைத்தார். பன்றி இறைச்சி போடாமல் தனியாகச் செய்தது என்று அவரே சொன்னார். நிரந்தர அனுமதிக்கு டச்சுப் பரீட்சையும் எழுத வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டே அந்தச் சூப்பைக் குடித்தேன்.

ஹனாவுக்கு ஒன்பது வயது. அவளிடம் ஒரு நாள் சும்மா கேட்பதுபோல, நாம் ஊருக்குப் போகிற மாதிரி இருந்தால் என்ன செய்வாய் என்றேன்.

"எவ்வளவு நாளைக்கு?"

"கொஞ்ச நாளைக்கு" என்றேன்.

"சி டிப்ளமாவுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

இந்த நாட்டுப் பிள்ளைகள் நீச்சலுக்கு ஏ, பி, சி என்று மூன்று டிப்ளமா வாங்குவார்கள். எங்கே பார்த்தாலும் தண்ணீர், வேறு வழியில்லை. கடைசி டிப்ளமாவுக்கு சட்டையும் கால்சட்டையும் செருப்புமாக நீந்திக் காட்ட வேண்டும். ஊரில், அதாவது கம்பத்தில், ஆறு இருக்கா என்று கேட்டாள். முல்லையாறு இருக்கிறது என்றேன். அதில் இறங்க எந்த டிப்ளமா வேண்டும் என்றாள். உன் மாமா எதுவும் இல்லாமல்தான் குதித்தார் என்றேன். "ஓ, உங்க ஊர்ல அப்படியா" என்றாள். உங்க ஊர். நான் திருத்தவில்லை. திருத்தி என்ன சொல்வது? அவளுடைய ஊர் எது என்று எனக்கே இந்த வருஷம் முடிந்தால்தான் தெரியும்.

5

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்குக் கம்பத்தில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் இருந்தது. காய் திரளும்போது வியாபாரி வருவார். பந்தலுக்குக் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே பார்த்தபடி ஒரு சுற்று நடப்பார். விலை படிந்தால் அச்சாரம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் கொடி எங்களுடையது, காய் அவருடையது. தண்ணீர் பாய்ச்ச வேண்டியது நாங்கள், கிளியும் வௌவாலும் வராமல் காவல் காக்க வேண்டியது நாங்கள். ஆனால் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குலையை ஒடிக்கக் கூடாது. அம்மா விரலை ஆட்டிக் காட்டுவார்: அது விற்ற காய்.

வெட்டுக்கு எப்போது வருவார் என்பது வியாபாரியின் இஷ்டம். சந்தை ஏறட்டும் என்று பொறுப்பார். வெட்டுகிற ஆட்களும் அவர் ஆட்கள்தான். பெரிய குலைகளை எடுத்துக்கொண்டு, சோடை போனதைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. மழை விழுந்தால் பழம் வெடிக்கும். அத்தா காலையில் தொழுதுவிட்டு வந்ததும் தெருமுனையில் போய் நின்று லாரி வருகிறதா என்று பார்ப்பார். அந்த வருஷம் முந்தியது லாரியா மழையா என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவர் ரோட்டைப் பார்த்து நின்றது மட்டும் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் நான் இப்போது நிற்கிறேன். பேசி முடித்தாயிற்று, வெட்டவில்லை. நான் எந்தக் குலை என்று தெரியவில்லை.

6

வாங்குகிற கம்பெனியிலிருந்து எங்கள் கருவியைச் சல்லடை போட்டுப் பார்க்க ஒரு குழு வந்தது. நேரில் இல்லை, திரையில். எனக்கு வாய்த்தவள் லாரா என்ற சின்னப் பெண். ரொம்ப மரியாதை. மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் இப்போதெல்லாம் எனக்குப் பயம். ஒவ்வொரு மாதிரிப் பக்கமாகத் திறந்துகொண்டே வந்தாள். ஜீப்பில் நின்றாள்.

"இந்த நம்பர் உண்மையானதா?"

"ஆமாம்."

"யாருடையது?"

"என் அண்ணனுடையது."

"இதில் அழைத்தால் என்ன ஆகும்?"

"எடுப்பார்" என்றேன்.

"ஏன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை, நிஜமான சந்தேகம்தான். கூப்பிட்டால் எடுக்க வேண்டாமா என்று எனக்கு வாய் வரை வந்தது. இங்கிலீஷில் அதைச் சொன்னால் திமிராகக் கேட்குமோ என்று பயந்து, மன்னிக்கவும் என்று சொன்னேன். அவள் எதையோ தட்டச்சு செய்தாள். என்ன தட்டினாள் என்று அதற்கப்புறம் நான் யோசிக்காத நாள் இல்லை. தனி மனிதரின் படமும் நம்பரும் உடனே போக வேண்டும், நீங்களே எடுத்துவிடுங்கள் என்றாள்.

எடுத்தேன். அண்ணன் இருந்த இடத்தில் மூக்கு வாய் இல்லாத ஒரு சாம்பல் வட்டம். ஜீப் இருந்த இடத்தில் ஆளில்லாத நீல வேன். நம்பர் முழுக்கப் பூஜ்யம். கூடலூர், குமுளி போய் நகரம் ஒன்று, நகரம் இரண்டு. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் விற்றதைச் சொல்ல வேண்டும், விற்றதைச் சொன்னால் அனுமதியைச் சொல்ல வேண்டும், அப்புறம் அங்கே வீடே தூங்காது. ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னேன். வானிலை பற்றி அதிகமாகவே பேசினேன்.

7

புதன்கிழமை மதியம் இங்கே பள்ளிக்கூடம் கிடையாது, நீச்சல் வகுப்பு. குளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹனா முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் செருப்புமாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அண்ணன் அழைத்தார். ஞாயிறு தவிர அவர் அழைத்ததே இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று உடனே எடுத்தேன்.

"ரஹிமா, நல்லா இருக்கியா?"

"இருக்கேண்ணே. அங்கன எல்லாரும்?"

"இங்கன ஒண்ணுமில்ல. நீ உண்மையச் சொல்லு. உனக்கு வேலை இருக்குல்ல?"

யார் சொன்னாக என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. அதாம்மா விசயம். முன்னெல்லாம் தெனமும் ஒருத்தராவது கூப்பிடுவாக. இப்பக் கொஞ்ச நாளா ஒருத்தருமே கூப்பிடலையே."

அண்ணனே பேசினார். "எனக்கென்ன இங்கிலீசு மேல ஆசையா? ஞாயித்துக்கெழம நீ நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. நல்லா இல்லாட்டியும் அதத்தான் சொல்லுவ. இவுக கூப்பிட்டாகன்னா ஒன் கடை தெறந்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அதுக்குத்தான் இத்தன வருசமா எடுத்தேன்."

அந்தப் பச்சைப் பொத்தானை நான் வைத்தேன். பூஜ்யங்களையும் நான்தான் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த வாசலை அது அடைக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. குளோரின் நெடியில் கண் எரிகிறது என்று பக்கத்துத் தாய்மார்கள் நினைத்திருப்பார்கள். நான் அழுதேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விற்பனை, ஆணையம், அனுமதி, லாரா. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"வெலை பேசிட்டாக. வெட்டிட்டாகளா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்பத் தண்ணியப் பாய்ச்சிக்கிட்டு இரு" என்றார். தோட்டத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள், ஏற்ற வேண்டும் என்று வைத்துவிட்டார்.

ஹனா எதிர்க்கரையைத் தொட்டுவிட்டு, சட்டை நீரில் உப்பியபடி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

மறுநாள் காலை ஆபீசில் யாரும் தொடாத அந்தப் பழைய மேசைத் தொலைபேசியை எடுத்துக் கூடலூருக்கு அழைத்தேன். என் கைப்பேசியில் அழைத்தால் என் பேர் தெரிந்துவிடும். "சாம்பிள் ஜீப், சார்" என்றார் அண்ணன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் யாரென்று கேட்கவில்லை. ஸ்டாண்டில் யாரோ குமுளி, குமுளி என்று கூவிக்கொண்டிருந்தது கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தேன்.

அதிலிருந்து தினமும் காலையில் இதுதான் முதல் வேலை. மார்ட்டன் ஒரு நாள் பார்த்தார், யாருக்கு என்று கேட்கவில்லை. ஆணையத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. படியில் காலடி கேட்டால் தலை இன்னும் திரும்புகிறது. இன்று காலையும் கூப்பிட்டேன், எடுத்தார். நாளைக்கும் அந்த மேசையில் அந்தப் போன் இருக்க வேண்டும்.